குழந்தைகள் எண்ணிய கணக்கு

உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பழைய ரேஷன் கார்டு, போன வருஷத்து மின்சார ரசீது, மூடி தொலைந்த பேனா, ஜோடியைப் பிரிந்த ஒற்றைக் கம்மல் என்று ஒரு உலகமே அதற்குள் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், மூலையில், ஒரு ஜெம் கிளிப் நிச்சயம் கிடக்கும். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கனமே தெரியாது. ஒன்று தொலைந்தால் யாரும் தேட மாட்டோம். பிள்ளைகள் அதை நிமிர்த்திக் காது குடையப் போனால் ஓர் அதட்டல் போடுவோம். அதற்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

இந்த அற்பப் பொருளை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்த காரியத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பிள்ளைகள் என்றால் காலேஜ் பிள்ளைகள் அல்ல. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள். பதின்மூன்று, பதினான்கு வயது. "குடித்த டம்ளரை எடுத்து முற்றத்தில் போடு" என்று நம் வீட்டில் ஏழு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்த வயது!

அந்த ஊரின் பெயர் விட்வெல். டென்னஸி மாநிலத்தில், செக்வாச்சிப் பள்ளத்தாக்கு என்று மலைகளுக்கு நடுவே நீளமாகப் படுத்திருக்கும் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி 1,600 பேர் சொச்சம். நம் பக்கத்தில் இதை ஊர் என்று கூடச் சொல்ல மாட்டார்கள்; ஒரு பெரிய தெரு என்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஜனங்கள். 1981 டிசம்பர் 8-ஆம் தேதி ஊருக்கு அருகிலிருந்த சுரங்கத்தில் வாயு வெடித்துப் பதின்மூன்று தொழிலாளிகள் மாண்டு போனார்கள். இத்தனை சின்ன இடத்தில் பதின்மூன்று பேர் என்றால், துக்கம் விசாரிக்கப் போகாத வீடு ஒன்றுகூட இருந்திருக்காது. பிற்பாடு சுரங்கத் தொழிலும் நலிந்தது. பணக்கார ஊர் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் அநேகமாக எல்லாரும் ஒரே மாதிரி. வெள்ளைக்காரர்கள், புராடெஸ்டண்ட் கிறிஸ்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் சுமார் 400 பிள்ளைகள். அவர்களில் கறுப்பு நிறத்தவர் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். யூதர் ஒருவர்கூட இல்லை. அந்த வட்டாரத்துக்கு வெளியில் நல்ல பெயரும் கிடையாது. கறுப்பர்களை வேட்டையாடிய 'கூ க்ளக்ஸ் க்ளான்' என்ற முகமூடிக் கூட்டம், உள்நாட்டு யுத்தம் முடிந்த கையோடு பிறந்தது இதே டென்னஸியில் உள்ள பூலாஸ்கி என்ற ஊரில்தான். மனிதன் பரிணாமத்தில் வந்தவன் என்று வகுப்பில் சொன்னதற்காக 1925-இல் ஓர் உபாத்தியாயரைக் கூண்டில் ஏற்றினார்களே, அந்த டேட்டன் ஊரும் விட்வெல்லுக்கு அதிக தூரமில்லை.

இப்படிப்பட்ட ஊரில் தலைமை ஆசிரியையாக இருந்தவர் லிண்டா ஹூப்பர் என்ற அம்மையார். அவருக்கு ஒரு கவலை. நம் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். ஆனால் தங்களைப் போல் இல்லாத ஒருவரையும் இவர்கள் பார்த்ததே இல்லையே! நாளைக்கு இந்த மலையைத் தாண்டி வேலைக்குப் போகும்போது, வேறு நிறம், வேறு மதம், வேறு பேச்சு உள்ளவர்களை எப்படி நடத்துவார்கள்?

(பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் படுகிற கவலைதான். ஆனால் நாம் மார்க்கைப் பற்றிக் கவலைப்பட்டு முடிப்பதற்குள் அவர்கள் காலேஜுக்கே போய்விடுகிறார்கள்!)

1998-ஆம் வருஷம். உதவித் தலைமை ஆசிரியர் டேவிட் ஸ்மித் பக்கத்துப் பட்டணமான சட்டனூகாவில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்தார். ஸ்மித் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவர். பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சியும் கொடுப்பவர். அவர் ஒரு யோசனையோடு திரும்பி வந்தார். யூதர்களுக்கு ஹிட்லர் செய்த கொடுமையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு தனி வகுப்பு நடத்தலாம் என்றார். வேற்றுமையை வெறுத்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது அல்லவா? தலைமை ஆசிரியை சரி என்றார். சாண்ட்ரா ராபர்ட்ஸ் என்ற ஆசிரியை வகுப்பை ஏற்றுக்கொண்டார். பள்ளி விட்ட பிறகு மாலையில் வகுப்பு. கட்டாயம் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் இஷ்டப்பட்டவர்கள் வரலாம். பெற்றோரும் கூட வந்து உட்காரலாம்.

என்ன பாடம் அது? உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1933-இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். நாட்டின் கஷ்டங்களுக்கெல்லாம் யூதர்களே காரணம் என்று பழி போட்டான். முதலில் அவர்கள் கடைகளில் சாமான் வாங்காதே என்றார்கள். பிறகு உத்தியோகத்திலிருந்து நீக்கினார்கள். பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். யுத்தம் வந்தபின், பிடித்த நாடுகளில் உள்ள யூதர்களையெல்லாம் கூட்ஸ் வண்டிகளில் அடைத்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். கிழவர், கர்ப்பிணி, கைக்குழந்தை என்ற பேதம் இல்லை. விஷவாயு அறைகளில் கொன்றார்கள், குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள், பட்டினியால் சாகவிட்டார்கள். 1945-இல் யுத்தம் முடிந்தபோது இப்படி அழிந்த யூதர்களின் எண்ணிக்கை 60 லட்சம்.

ஆசிரியை இந்த எண்ணைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டதாம்: அறுபது லட்சம் என்றால் எவ்வளவு? நான் அவ்வளவு எதையுமே பார்த்ததில்லையே!

யோசித்துப் பாருங்கள், நாமும் பார்த்ததில்லை. பேப்பரில் படிக்கிறோம், தலையை ஆட்டுகிறோம், அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோம்.

என் பாட்டி 'ஸ்ரீராமஜயம்' எழுதுவாள். தினம் காலையில் ஸ்நானம் செய்துவிட்டு நூற்றெட்டு. அதற்குமேல் காப்பி. ஒரு லட்சம் எழுதிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு நாள் தவறாமல் எழுதினாலும் லட்சம் முடிய இரண்டரை வருஷம் ஆகும். இதே கணக்கில் 60 லட்சம் எழுத வேண்டுமானால்? 152 வருஷம். பாட்டி, பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு எழுதினாலும் முடியுமோ முடியாதோ! இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். விநாடிக்கு ஒன்றாக, சாப்பாடு தூக்கம் எதுவும் இல்லாமல் எண்ணிக்கொண்டே இருந்தால் 60 லட்சத்தை எண்ணி முடிக்க 69 நாட்கள். அல்லது, 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் சென்னை மாநகரத்தில் இருந்த அத்தனை பேரும் 46 லட்சம் சொச்சம். மயிலாப்பூர், தண்டையார்பேட்டை, தியாகராயநகர், ராயபுரம் எல்லாம் சேர்த்து! முழுச் சென்னையையும் துடைத்துவிட்டு, அதன் பிறகும் 13 லட்சம் பேரைத் தேடிப் போக வேண்டும்.

விட்வெல் பிள்ளைகளுக்கு வேறொரு யோசனை தோன்றியது. எதையாவது அறுபது லட்சம் சேர்த்துக் குவித்துப் பார்த்தால் என்ன? கண்ணால் பார்த்தால் புரியுமே! தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார். எதையாவது சேர்க்கக்கூடாது, இந்த விஷயத்தோடு அர்த்தமுள்ள ஒரு பொருளாக இருக்க வேண்டும். கண்டுபிடித்து வாருங்கள், அனுமதி தருகிறேன் என்றார்.

நல்ல தலைமை ஆசிரியை! 'முடியாது' என்று சொல்லவில்லை. 'ஆகட்டும்' என்று சொல்லி ஒதுங்கவும் இல்லை. தேடு என்றார்.

பிள்ளைகள் தேடினார்கள். கண்டுபிடித்தது நார்வே தேசத்துக் கதை ஒன்றை. 1940 ஏப்ரலில் ஹிட்லரின் படை நார்வேக்குள் புகுந்தது. மன்னர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். மன்னரின் பெயர் எழுத்தைச் சட்டையில் அணியக்கூடாது, தேசியச் சின்னம் எதையும் அணியக்கூடாது என்று உத்தரவுகள் வந்தன. சரி, கிளிப்பை அணியக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! மாணவர்களும் ஆசிரியர்களும் கோட்டின் மடிப்பில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகிக்கொண்டு வீதியில் நடந்தார்கள். தனித்தனிக் காகிதங்களைச் சேர்த்துப் பிடிப்பது கிளிப்; நாங்களும் பிரியாமல் சேர்ந்து நிற்கிறோம் என்று அர்த்தம். நாஜிகளுக்கு விஷயம் புரிந்தபோது அதற்கும் தடை வந்தது. (நார்வே உபாத்தியாயர்களின் நெஞ்சுரம் சாமானியமானது அல்ல. 1942-இல் நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர மறுத்ததற்காக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள்; பல நூறு பேரைத் துருவப் பனியில் கிர்க்கெனெஸ் என்ற இடத்துக்கு அனுப்பி மூட்டை சுமக்க வைத்தார்கள். அப்படியும் பெரும்பாலோர் பணியவில்லை.)

கிளிப்பைக் கண்டுபிடித்தவரே ஒரு நார்வேக்காரர்தான் என்றும் பிள்ளைகள் படித்தார்கள். இது முழு உண்மை அல்ல. யோஹான் வாலர் என்ற நார்வேக்காரர் ஒரு கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கினது வாஸ்தவம். ஆனால் நம் மேஜையில் கிடக்கும் இரட்டை வளைவுக் கிளிப் அது அல்ல. இது அதற்கு முன்பே இங்கிலாந்தில் 'ஜெம்' என்ற பெயரில் விற்பனையானது. அதனால்தான் நம் ஆபீஸ்களில் இன்றும் ஜெம் கிளிப் என்கிறோம். ஆனாலும் கோட்டில் செருகிய கதை நிஜம். பிள்ளைகளுக்கு அது போதும்.

ஆரம்பித்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பாட்டியிடம், மாமாவிடம், கடைக்காரரிடம் வாங்கினார்கள். கம்ப்யூட்டரில் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். பிரபலமானவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார்கள்: எங்களுக்குக் கிளிப் அனுப்புங்கள், ஏன் அனுப்புகிறீர்கள் என்று இரண்டு வரியும் எழுதுங்கள். சினிமா நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், அரசியல் தலைவர்கள் என்று பலர் அனுப்பினார்கள். ஜனாதிபதி கிளின்டனிடமிருந்தே வந்தது. வந்த ஒவ்வொரு கிளிப்பையும் எண்ணினார்கள், கணக்கில் எழுதினார்கள், ஒவ்வொரு கடிதத்தையும் கோப்பில் சேர்த்தார்கள்.

சில உறைகளைப் பிரித்தபோது உள்ளே ஒரே ஒரு கிளிப் இருக்கும். கூடவே ஒரு பெயர். இந்தக் கிளிப் என் பாட்டிக்காக. இது என் அண்ணனுக்காக, அவன் முகாமில் இறந்தபோது சின்னப் பையன். இப்படி. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டு, அந்தக் கிளிப்பை மற்ற கிளிப்புகளோடு போடும்போது அவள் கை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் வேலை ஆமை வேகத்தில்தான் நடந்தது. ஒரு டப்பாவில் நூறு கிளிப் என்று வைத்துக்கொண்டால் அறுபதாயிரம் டப்பா வேண்டும். வந்த வேகத்தைப் பார்த்தால், இப்போது எண்ணும் பிள்ளைகள் கல்யாணமாகித் தங்கள் பிள்ளைகளை அதே பள்ளியில் சேர்க்கும் வரை எண்ண வேண்டும் போலிருந்தது. எட்டாம் வகுப்பு முடிந்தவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். புதிதாக எட்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் வாஷிங்டனில் பத்திரிகையாளர்களாக இருந்த ஒரு ஜெர்மன் தம்பதியின் காதில் செய்தி விழுந்தது. பீட்டர் ஷ்ரோடர், அவர் மனைவி டாக்மர். ஜெர்மானியர்களுக்கு இந்த விஷயம் எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருவரும் விட்வெல்லுக்கே நேரில் போனார்கள். ஜெர்மன் பத்திரிகைகளில் எழுதினார்கள், புத்தகமும் எழுதினார்கள். ஜெர்மனியிலிருந்து கிளிப்புகள் வர ஆரம்பித்தன! 2001 ஏப்ரலில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை போட்டது. அவ்வளவுதான். மடை திறந்தது.

அந்தச் சின்ன ஊர்த் தபால் ஆபீஸுக்கு வாழ்நாளில் அவ்வளவு வேலை வந்திருக்காது. கிளிப் பார்சல்கள், பெட்டிகள், மூட்டைகள்! பள்ளிக்கூடத்து அறைகள் நிரம்பின. கிளிப் பார்வைக்குத்தான் லேசு. ஒன்று அரை கிராம் என்றாலும் 60 லட்சம் கிளிப் மூன்று டன். பழனி மலை உண்டியல் எண்ணுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக உட்கார்ந்துகொண்டு, ஒரு பக்கம் கொட்டி, ஒரு பக்கம் எண்ணி, ஒரு பக்கம் குறித்துக்கொண்டு... அந்தக் காட்சிதான். பிள்ளைகள் மட்டும் எண்ணி மாளாது. அப்பா அம்மாக்கள் வந்தார்கள், தாத்தா பாட்டிகள் வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையே இல்லாத ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். யூதர் ஒருவரைக்கூட நேரில் பார்த்திராத ஒரு சுரங்க ஊர், மாண்டுபோன யூதர்களைத் தலைக்கு ஒரு கிளிப்பாக எண்ணிக்கொண்டிருந்தது.

யூதர்களைப் பார்க்கும் நாளும் வந்தது. முகாம்களிலிருந்து உயிர் தப்பிய சிலர் நியூயார்க் பக்கத்திலிருந்து விட்வெல்லுக்கு வந்தார்கள். வயதானவர்கள். ஊர் மாதா கோயிலில் கூட்டம். ஊரே திரண்டது. தாயை ஒரு வரிசையிலும் தன்னை ஒரு வரிசையிலும் நிறுத்தியது முதல், தங்களுக்கு நேர்ந்ததை அவர்கள் சொல்லச் சொல்ல, சுரங்கத்தில் உரம் ஏறிய ஆண்பிள்ளைகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அவர்களைக் கட்டிக்கொண்டார்கள். இந்தக் காட்சியை 2004-இல் வெளிவந்த 'பேப்பர் கிளிப்ஸ்' என்ற செய்திப் படத்தில் பார்க்கலாம். எலியட் பெர்லின், ஜோ ஃபாப் என்ற இருவர் இயக்கிய படம். கிடைத்தால் குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கைக்குட்டை அவசியம்.

இப்போது ஒரு புதுப் பிரச்னை. அறுபது லட்சம் தாண்டிவிட்டது. நிற்கிற வழியாக இல்லை. என்ன செய்வது? நாஜிகள் கொன்றது யூதர்களை மட்டும் அல்லவே என்று யோசித்தார்கள். ஜிப்ஸிகள் என்று சொல்லப்பட்ட ரோமா மக்கள், ஊனமுற்றவர்கள், யெகோவா சாட்சிகள், ஒரே பாலாரை நேசித்தவர்கள், எதிர்த்துப் பேசியவர்கள் என்று எத்தனையோ பேர். அவர்களுக்காக இன்னும் 50 லட்சம் சேர்த்து, மொத்தம் 1 கோடியே 10 லட்சம் என்று தீர்மானித்தார்கள். (அறுபது லட்சம் என்பது ஆதாரங்களோடு ஆராய்ந்து சொன்ன கணக்கு. ஐம்பது லட்சம் என்ற இந்த இரண்டாவது எண்ணைச் சரித்திர ஆசிரியர்கள் பலர் ஒப்புவதில்லை. பிள்ளைகள் மீது குற்றமில்லை. அந்த எண் அப்போது பெரியவர்கள் பலரும் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.)

சேர்த்ததை எங்கே வைப்பது? கோணிப்பையிலா வைப்பது? அவை வெறும் கம்பிகளாக இருந்த காலம் போய்விட்டது. தலைமை ஆசிரியைக்கு ஒரு நினைப்பு. அந்த மனிதர்களைச் சாவுக்கு ஏற்றிப் போனார்களே, அந்த ரயில் வண்டிகளில் ஒன்று கிடைத்தால்?

ஷ்ரோடர் தம்பதி ஜெர்மனிக்குப் போய் ஊர் ஊராக அலைந்தார்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை உடைந்து இரும்புக் கடைக்குப் போய்விட்டன. கடைசியில் ஒரு ரயில் காட்சிசாலையில் ஒன்று கிடைத்தது. 1917-இல் செய்த மர வண்டி. முகாம்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டிகளில் ஒன்று. அதை வாங்கி, கப்பலில் ஏற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்க வைத்து, பால்டிமோர் துறைமுகத்தில் இறக்கினார்கள். அது 2001 செப்டம்பர் மாதம். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்த அதே மாதம். அமெரிக்கா முழுவதும் பயமும் கோபமும் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில், வெறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சாட்சியாக அந்தப் பழைய மர வண்டி தண்டவாளத்தில் தெற்கே வந்துகொண்டிருந்தது. எந்தக் கதாசிரியராவது இப்படி எழுதியிருந்தால் "ரொம்பப் பொருத்தம் பார்த்து எழுதுகிறார்" என்று நாம் சிரித்திருப்போம்!

வண்டி ஊருக்குள் நுழைந்தபோது வீதியில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் அதற்காகத் தண்டவாளம் போட்டு, சரளை கொட்டி இடம் தயாராக இருந்தது. 2001 நவம்பர் 9-ஆம் தேதி ஞாபகார்த்தச் சின்னமாகத் திறந்து வைத்தார்கள். தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். 1938-இல் அதே நவம்பர் 9-ஆம் தேதி இரவுதான் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஆலயங்களைக் கொளுத்திக் கடைக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? இரண்டு கோடியிலும் கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் கிளிப்புகள், ஒரு கோடியே பத்து லட்சம், மலை மலையாகக் குவிந்திருக்கின்றன. நடுவில் நீங்கள் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் மூச்சு முட்ட மனிதர்களை அடைத்த இடத்தில். வெளியே தரையில் செம்பினால் செய்த பதினெட்டு வண்ணத்துப் பூச்சிகள். யூதர்களுக்குப் பதினெட்டு மங்கல எண். அவர்களுடைய எழுத்துக் கணக்கில் 'உயிர்' என்ற சொல்லின் கூட்டுத்தொகை அது.

ஒரு பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய காலத்துக் கைப்பெட்டி, ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அதற்குள் கிளிப்புகளோடு நிறையச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டும் ஆன் ஃபிராங்குக்கு எழுதிய கடிதம். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதி, பதினைந்து வயதில் முகாமில் இறந்து போனாளே, அந்தச் சிறுமிக்கு. அன்புள்ள ஆன், எங்களை மன்னித்துவிடு என்று. எழுதிய பிள்ளைகள் யாரும் அப்போது பிறந்தவர்கள்கூட அல்ல.

எல்லாரும் புகழவில்லை. சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். மனித உயிரையும் மேஜைச் சாமானையும் சமமாக்குவதா? எண்ணுவதில் உற்சாகம் ஏற ஏற, எதற்காக எண்ணுகிறோம் என்பது மறந்து போகாதா? நியாயமான கேள்விதான். கொலு வைக்கும் ஆர்வத்தில் சுவாமியை மறப்பதில்லையா நாம்? ஆனால் அந்தப் பிள்ளைகள் கிளிப்பை மட்டும் சேர்க்கவில்லை, கடிதங்களையும் படித்தார்கள் என்பதை வைத்துத்தான் நான் அவர்கள் கட்சி. பெரியவர்களும் மாறினார்கள். டேவிட் ஸ்மித்தே படத்தில் தம் மனத்தில் படிந்திருந்த பேதங்களை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். தம் பிள்ளைகளுக்கு அது போகக்கூடாது என்கிறார். ஊர் நடுவில் உபாத்தியாயர் ஒருவர் இதைச் சொல்வது சுலபமா?

ஒரு மாநிலம் முழுவதும் மாறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 2022 ஜனவரியில் இதே டென்னஸியில் மக்மின் மாவட்டத்துப் பள்ளிக் குழு, யூதப் படுகொலையைச் சித்திரக் கதையாகச் சொல்லும் 'மாஸ்' என்ற பிரசித்தமான புத்தகத்தை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. அதில் சில கெட்ட வார்த்தைகளும் ஆடையில்லாத ஒரு சின்னப் படமும் இருக்கின்றனவாம். எட்டாம் வகுப்பு! விட்வெல் பிள்ளைகள் கிளிப் எண்ண ஆரம்பித்த அதே வகுப்பு.

நினைவு வண்டி திறந்த பிறகு அதைக் காண வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். பஸ் பஸ்ஸாகப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்குச் சுற்றிக் காட்டியது பெரியவர்கள் அல்ல. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளேதான். மனப்பாடம் செய்து ஒப்பிக்காமல், இந்தக் கடிதம் இன்னார் எழுதியது, இந்தப் பெட்டி இங்கிருந்து வந்தது என்று சொந்த வீட்டுச் சாமானைக் காட்டுவது போல் காட்டினார்கள்.

வண்டி நிரம்பிவிட்டது, போதும் என்று உலகத்துக்கு யார் போய்ச் சொல்வது? தபாலில் கிளிப்புகள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் மூன்று கோடியையும் தாண்டியது. வண்டிக்கு வெளியே இன்னொரு சின்னம் எழுப்பி, மாண்டுபோன குழந்தைகளுக்காக அதிலும் கிளிப்புகளை நிரப்பினார்கள். அதற்கும் பிறகு வந்த உறைகளையும் அடுத்தடுத்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிரித்து, கடிதத்தைப் படித்து, கிளிப்பை எண்ணி, கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.